நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி

ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சூடேறிவிட்டதா என்று அவர் கன்னத்தருகே பிடித்துப் பார்ப்பார். தொடமாட்டார், ஒரு விரல் இடைவெளி இருக்கும். போதுமென்று தோன்றியதும், "ம், வந்துட்டான்" என்பார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு மூக்குக்கண்ணாடியை மாட்டி, ஈயக் கம்பியை இடது சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "பத்து செகண்டு" என்பதுதான் பதில். கூப்பிடுவது கேஸ் கொண்டுவந்த ஆளாக இருந்தாலும் சரி, போனில் மகளாக இருந்தாலும் சரி. அந்தக் குடியிருப்பில் அவருக்குப் பெயரே பத்து செகண்டு என்றாகிவிட்டது. "பத்து செகண்டு வீட்டுக்கு லெட்டர் வந்திருக்கு" என்று காவல்காரரே சொல்வார்.

பட்டறை என்பது பால்கனியில் துணி காயும் கொடிக்குக் கீழே போட்ட ஒரு பள்ளிக்கூட மேசை. அதன்மேல் பழைய கணினி ஒன்று, பல் துலக்கும் பிரஷ் இரண்டு, மாத்திரை டப்பாக்கள். டப்பாவில் திங்கள் காலை, திங்கள் இரவு என்று அச்சிட்ட அறைகளில் மாத்திரைக்குப் பதில் சின்னச் சின்ன விளக்குகளும் கடுகு மாதிரியான பொருட்களும் இருக்கும். "புதன்கிழமை ராத்திரியில இருந்து ஒரு சிவப்பு எடும்மா" என்று என்னிடம் கேட்பார். நான் எடுத்துக் கொடுப்பேன்.

அவர் மனைவியைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறேன். ஏழு மாதமாகிறது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சாப்பாடு ஊட்டுவது போக மீதி நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாய் அதிகம் பேசாதவளுக்குக் கண் சும்மா இருப்பதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பஸ் கண்டக்டர், இருபத்தாறு வருடம். "நான் மேல கீழ போவேன், அவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போவா. ரெண்டு பேரும் சந்திச்சதே அதிசயம்" என்பது அவருடைய பழைய நகைச்சுவை. முதல் தடவை நான் சிரித்தேன். இப்போதும் அதே இடத்தில் நிறுத்திச் சிரிப்புக்குக் காத்திருக்கிறார், நானும் சிரித்துவிடுகிறேன்.

மேசையில் இருப்பது கட்டைவிரல் அகலப் பச்சைப் பலகை. அதற்கு மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். அவர் 'பய' என்பார். கணினியில் நாலைந்து வரி எழுதி ஒரு ஒயர் வழியாக அதற்குள் அனுப்பினால், அது அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்குமாம். பசி, தூக்கம் கிடையாது. "சொன்னதை மட்டும் செய்வான். சொல்லாததைப் புரிஞ்சுக்க அவன் என்ன என் பொண்டாட்டியா?" என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவர் செய்கிற பொருள் எதற்கும் பயன் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரே தேடித்தேடிப் பயனில்லாததாகத்தான் செய்கிறார். இரண்டாம் மாடி நாய் குரைத்தால் பச்சை விளக்கு எரியும் ஒரு சோப்பு டப்பா. நாய் குரைப்பது நம் காதிலேயே விழும். மேசைமேல் நிழல் பட்டால் மெல்லத் தும்முவதுபோல் சத்தமிடும் இன்னொன்று. கொடியில் தொங்கும் துணி எத்தனை முறை ஆடியது என்று எண்ணிக்கொண்டிருப்பது மூன்றாவது. சாயங்காலம் அதைப் பார்த்து, "இன்னிக்கு நாலாயிரத்துச் சொச்சம்" என்பார். அதனால் என்ன பிரயோஜனம் என்று நான் கேட்டபோது, "ஒண்ணுமே இல்லம்மா. அதான் நல்லது" என்றார்.

எதிர்வீட்டு அம்மா வாய்க்காரி. மாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மணியடிக்கிற மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டார். இவர் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். விளையாட்டுச் சாமான் என்றால் செய்கிறேன், யாராவது நம்பியிருக்கிற மாதிரி மட்டும் வேண்டாம் என்பார். "தண்ணி வழிஞ்சா யார் உசிரு போகப்போகுது?" என்று அந்த அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போவார். இவர் அயர்ன் சூட்டை மறுபடி கன்னத்தில் பார்த்துக்கொள்வார்.

நம்பியிருக்கிற மாதிரி ஒன்றை அவர் செய்திருக்கிறார். அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு மறதி வந்து மூன்று வருடமாகிறது. ஐம்பத்தைந்து வயதில் வந்துவிட்டது. மகளின் பெயர் போனது, அடுப்பை அணைக்கிற நினைவு போனது, கண்டக்டர் வேலை மட்டும் போகவில்லை. யாரைப் பார்த்தாலும் "எங்க இறங்கணும்?" என்பார். முதல் வாரம் நான் என் வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தைச் சொன்னேன். அது பிடிக்கவில்லை. இப்போது "கடைசி ஸ்டாப்" என்கிறேன். "அப்ப உள்ள போய் உக்காரு, வழியை மறைக்காதே" என்று சந்தோஷமாகச் சொல்கிறார்.

மதியம் மூன்று மணி வண்டிதான் அக்காவுக்குக் கடைசிவரை ஓடிய வண்டி. அதனால் இரண்டரை மணி ஆனாலே உடம்பு பரபரக்கும். கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிவிடுவார். இவர் கதவைப் பூட்டிவைத்துப் பார்த்தாராம். அக்கா கதவைத் தட்டித் தட்டி, "வண்டி எடுத்துட்டாங்க, திறங்க" என்று அழுததைத் தாங்க முடியவில்லை. ஒரு வருடம், மதியத்தில் மனைவியின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பாதித் தூக்கம் தூங்கினார். மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். ஆள் வைக்கலாம் என்றாள். எதற்கு ஆள், நானே செய்கிறேன் என்றார். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச், நடுவில் பய. கதவு திறந்தால் கட்டில் தலைமாட்டில் வாத்து மாதிரி கத்தும். போவோர் வருவோருக்கெல்லாம் தொடர்ந்து கத்தாமல் இருக்க, ஒருமுறை கத்தினால் அரை நிமிடம் சும்மா இருக்கும்படி இரண்டு வரி சேர்த்தார்.

நன்றாக வேலை செய்தது. அவர் நம்பித் தூங்க ஆரம்பித்தார்.

ஐம்பதாம் நாள் அது கத்தவில்லை. காலையில் ரொட்டி வாங்கப் போனபோதுகூடக் கத்தியிருக்கிறது. மதியம் இரண்டே முக்காலுக்கு அக்கா கதவைத் திறந்து, இரண்டு மாடி இறங்கி, பெரிய சாலையைக் கடக்கிற நடைமேம்பாலத்துப் படியில் ஏறியிருக்கிறார். மேல் படியிலிருந்து விழுந்ததைப் பார்த்த பழக்கடைக்காரர் அக்காவை அடையாளம் கண்டுகொண்டார். அக்கா கண்டக்டராக இருந்த பஸ்ஸில் போய்வந்தவர்தான். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது இவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

கரண்ட் போயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். என்னை வேலைக்குப் பேசிய அன்று நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாவிடம் மகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், சனியன் பிடித்த கரண்ட் அந்த நேரம் பார்த்துப் போயிருக்கிறது என்று. இவர் பால்கனிக் கதவில் வந்து நின்றார்.

"கரண்ட் போகலம்மா. ஒரு தடவை போயிருந்தாலும் உங்கம்மா விழுந்திருக்க மாட்டா."

மகளுக்குப் புரியவில்லை. அவர் நின்றபடியே சொன்னார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்ட எனக்கே புரிகிற மாதிரி சொன்னார். பயலுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் கொடுத்த நொடியிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து எண்ணும். நானூற்று இருபத்தொன்பது கோடிவரைதான் அதனால் எண்ண முடியும். அது நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, சொச்சம். அதற்கப்புறம் ஸ்கூட்டரில் கிலோமீட்டர் முள் எல்லா ஒன்பதும் ஆனபின் சுழியத்துக்குப் போகிற மாதிரி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவர் எழுதியிருந்த வரியோ, அடுத்து எப்போது கத்தலாம் என்பதைப் பழைய பெரிய எண்ணாகவே வைத்திருந்தது. எண்ணிக்கை சுழியத்துக்கு வந்ததும், கத்துவதற்கு இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கிறது என்று அது சும்மா இருந்துவிட்டது. இரவு ஒன்பது மணிக்கு முதலில் கரண்ட் கொடுத்தார். அதனால் எண் திரும்பியது மதியம் இரண்டு மணிக்கு. நடுவில் ஒருமுறை கரண்ட் போய் வந்திருந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கும்.

"இந்த வேலை செய்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பும்மா இது. நானும் படிச்சிருக்கேன். நம்ம வீட்டுக் கதவுதானேன்னு விட்டுட்டேன்."

 மகள் எழுந்துபோய் அம்மாவின் தலையைச் சிக்கெடுத்துப் பின்னினாள். பின்னி முடித்துவிட்டுத்தான் பேசினாள். அம்மா விஷயத்தில் இனி ஒரு ஒயர்கூடக் கூடாது. அம்மா படுக்கையில் இருக்கிறவரை அப்பாவிடம் இருக்கட்டும், பகலில் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருக்கிறாள். தன் ஊரில் மறதி வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லம் இருக்கிறது, ஆளுயரக் கேட், வாசலில் காவல். அங்கே இடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"அம்மா எழுந்து நடக்க ஆரம்பிச்சா அன்னிக்கே எனக்குச் சொல்லணும்ப்பா. நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். இன்னொரு தடவை என்னால அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல நிக்க முடியாது."

"சரிம்மா" என்றார்.

கதவுக்காக அவர் எழுதிய வரிகள் இன்னும் கணினியில் இருக்கின்றன. ஒருநாள் மேசையைத் துடைக்கும்போது திறந்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒரு தமிழ் வரி தெரிந்ததால் கிட்டப் போய்ப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு எழுதினால் பய அதைப் படிக்க மாட்டானாம், எழுதியவர் தனக்கே எழுதிக்கொள்வதற்கான இடமாம். அங்கே 'இந்த இடத்தில்தான் தூங்கினேன்' என்று இருந்தது.

வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வருகிறாள். சின்னப் பெண்தான், ஆனால் கறாரான பேச்சு. எலும்பு சேர்ந்துவிட்டது, மற்றவர்கள் என்றால் இதற்குள் எழுந்திருப்பார்கள். அம்மாவுக்குக் கால் எடுத்துவைப்பதே மறந்துவிட்டது என்றாள். தினமும் மூன்று வேளை விடாமல் செய்தால் நடப்பார். விட்டால் தசை வற்றிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. இதை இவரிடம்தான் சொன்னாள். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, காலை எந்தக் கோணம் வரைக்கும் தூக்க வேண்டும் என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனித்தேன். ஏமாற்றுவதற்கு எத்தனையோ வழி இருந்தது. பத்துக்கு ஆறு முறை தூக்கினால் போதும், யாரும் எண்ணப்போவதில்லை. நானே சில நாள், இன்னிக்கு அக்கா அசந்து தூங்குகிறார், விட்டுவிடலாமா என்று கேட்டேன். பத்து செகண்டு பார்க்கலாம் என்பார். அக்கா கண் திறந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அக்கா காலைத் தூக்கவில்லை. அவர் நாலு நாள் யோசித்தார், பயலுக்கு வரி எழுதும்போது யோசிப்பாரே அந்த மாதிரி, நெற்றியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு. ஐந்தாம் நாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "மார்க்கெட் இறங்கியாச்சு, போலாம் ரைட்" என்றார். அக்காவின் வலது கால் எழுந்தது. "ஆஸ்பத்திரி ஸ்டாப், போலாம் ரைட்." இடது கால் எழுந்தது. பெரிய பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டி, டிப்போ. வழித்தடத்தில் பதினெட்டு நிறுத்தம். காலையில் போய் வருவது, மதியம் போய் வருவது, சாயங்காலம் போய் வருவது. ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டால் அக்காவே, "என்னய்யா நிக்காம போறே, ஜனம் கத்துது" என்று திட்டுவார். அவருக்கு அந்தத் திட்டு பிடிக்கும். வேண்டுமென்றே ஒன்றை விடுவார் என்று எனக்குச் சந்தேகம்.

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். வாய்க்காரி என்றாலும் அன்று குரல் தாழ்ந்துதான் இருந்தது. "நடந்தா கொண்டு போயிடுவாங்க இல்ல? படுத்தே இருக்கட்டுமே. கண்ணு முன்னாடி இருப்பாங்க."

அவர் அக்காவின் காலை இறக்கிவைத்தார். "லிஃப்டு நடுவுல நின்னு போச்சுன்னா, முதல்ல உள்ள இருக்கிறவங்களை வெளிய எடுக்கணும். யார் மேல தப்பு, அப்புறம் எங்க போறாங்க, அதெல்லாம் நம்ம வேலை இல்ல" என்றார். அந்த அம்மா போனபிறகு, என்னிடமா தனக்கா என்று தெரியாத மாதிரி இன்னும் கொஞ்சம் பேசினார். லிஃப்டில் ஒரு ரோப் அறுந்தால் இன்னும் மூன்று இருக்கும். அத்தனையும் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும். முப்பது வருடம் அடுத்தவர்களுக்கு அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தவர், தன் வீட்டுக் கதவுக்கு ஒற்றை ரோப் கட்டினார்.

வேறொரு நாள், தேநீர் கொடுக்கும்போது, தம்ளரை வாங்காமல் சொன்னார்:

"அவ விழுந்து முதல் மாசம் எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா. இனிமே கதவைப் பார்க்க வேண்டாம்னு. நல்லாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைச்சாதான் இப்ப தூக்கம் வர்றதில்ல."

நான் தம்ளரை மேசையில் வைத்தேன்.  ஆடாமல் தொங்கிய ஒரு துண்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துவைத்தேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாள். கால் இந்த வாரம் இத்தனை தூரம் எழுகிறது, நேற்று கட்டிலில் ஆறு நிமிடம் சாயாமல் உட்கார்ந்தாள், இன்று பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவார். மகளும் ஒவ்வொரு தடவையும், "சரிப்பா" என்று மட்டும் சொல்லுவாள்.  அதற்குப் பிறகும் இருவரும் உடனே வைக்க மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நான் அக்காவுக்குத் தலை துவட்டிக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு, ஈரத் துணியை வாளியில் போடக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கட்டிலில் அக்கா இல்லை. அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்தார். கூடத்துக்குள் ஓர் அடி வைத்தார். அப்புறம் இன்னோர் அடி. முழங்கால் கொஞ்சம் மடங்கி நடந்த அந்த நடை, ஓடுகிற வண்டியில் பிடி இல்லாமல் நடக்கிறவரின் நடை. நான் ஓடிப்போய்ப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன், தொடவில்லை. அவர் பால்கனிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அயர்ன் கையிலேயே இருந்தது. அடிகளை உதட்டால் எண்ணுவது தெரிந்தது. ஏழு. திரும்பி இன்னும் ஏழு.

அவர் அயர்னை அதன் சுருள்கம்பித் தாங்கியில் வைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். வெளிக்கதவைப் பார்த்தார், தாழ் போட்டிருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது. "ஞாயித்துக்கிழமை அவங்களே கேப்பாங்கல்ல அண்ணே. அப்பச் சொல்லிக்கலாமே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமில்லை. அஞ்சு நாள் என்று அவரும் கணக்குப் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது. "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு எண்களை அழுத்தினார்.

மகள் அலுவலகத்தில் இருந்தாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம் கூடம்வரை கேட்டது. அம்மா நடக்கிறாள் என்று சொன்னார். அந்தப் பக்கம் கதவு ஒன்று மூடப்பட்டது, ஆட்களின் சத்தம் நின்றது. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருப்பாள் போலிருக்கிறது. "யாரும் பிடிக்கலம்மா. அவளா நடக்குறா" என்றார். மகள் என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. 

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சொடுக்க, தரையில் குந்தி உட்கார்ந்தார். போனைக் கீழே இறக்கி, அக்காவின் ரப்பர் செருப்பு தரையில் உரசுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அக்கா அடுத்த அடி வைத்தபோது, குந்திய நிலையிலேயே அவரும் ஓர் அடி நகர்ந்து, போனைக் குதிகாலை விட்டு விலகாமல் கொண்டுபோனார்.